கிணத்துக்காரி வேஷம் கட்டிய வருஷம்

தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஒரு வறட்சியான கோடை. அப்போது நான் திண்டுக்கல் டவுனில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மாஸ்டராக இருந்தேன். மாஸ்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மொத்தம் ஒன்பது மெஷின், அதில் இரண்டு எந்நேரமும் ரிப்பேர். சொல்லிக்கொடுப்பது, கூட்டிப் பெருக்குவது, ரிப்பன் மாற்றுவது எல்லாம் நான் ஒருவனே. வயது இருபத்தாறு. சொந்த ஊர் கன்னிவாடி. அம்மா இறந்த பிறகு அண்ணன் வீட்டில் எனக்குச் சாப்பாடு இருந்தது, பேச்சு இல்லை. அதனால் டவுனிலேயே ஒரு மாடி அறை பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தோல் பதனிடும் ஷாப்புகள் இருக்கும் பக்கம் ஒரு தெரு. காற்று திரும்பினால் தோல் வாடை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு மாதத்தில் அதுவும் பழகிப்போனது. தெருவில் கிறிஸ்தவக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. மொத்தம் நாற்பது வீடு. என் அறைக்குக் கீழே வீட்டுக்காரம்மா மட்டும் தனியாக இருந்தார். ஐம்பது வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை. தெருவில் எல்லோரும் அவரை முன்னால் அக்கா என்பார்கள், பின்னால் ராங்கிக்காரி என்பார்கள். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பின்னால் சொல்வதற்கு எனக்கு ஆள் இல்லை, அதனால் சொல்லவில்லை.

ராங்கிக்காரி என்ற பெயர் வந்தது அவருடைய கிணற்றால். தெருவில் மற்ற கிணறுகளில் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. குழாயில் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தால் அதிர்ஷ்டம். அக்கா வீட்டுப் பின்கட்டில் இருந்த கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். அதைச் சுற்றிச் சுவர், இரும்புக் கதவு, பூட்டு. சாவி அக்காவின் இடுப்பில். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். வீட்டுக்கு இரண்டு குடம். அதற்கு மேல் ஒரு சொம்பு கிடையாது. ஒரு நாள் தெரு முனையில் இருந்து வரிசை, மறு நாள் கடைசி வீட்டில் இருந்து வரிசை. யாராக இருந்தாலும் அதுதான். மாதா கோயில் உபதேசியார் வீட்டில் கல்யாணம் என்று வந்து நின்றபோதும் அதேதான்.

அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். மாடியில் இருந்து பார்த்தால் கிணற்றின் அடி தெரியும். எண்பது குடம் இறைத்து முடிக்கும்போது வாளி தரையில் தட்டும் சத்தம் கேட்கும். அதற்கு மேல் இறைத்தால் சேறு வரும். மறுநாள் காலைக்குள் ஊறுவதும் அவ்வளவுதான். இது தெரிந்தவன் நான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்துக்குத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சாக்குச் சொல்ல முடியாது.

அந்த வீட்டுக்குப் போன இரண்டாவது மாதம் எனக்கு மஞ்சள்காமாலை வந்தது. அக்கா ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஆனால் இருபது நாள் மாடிப்படியில் காலையும் மாலையும் ஒரு தூக்குப்போணி இருந்தது, உள்ளே மோர்ச் சோறு. உடம்பு தேறிய பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நாலரை மணிக்குக் கீழே இருந்து குரல் வரும். "தம்பி, காபி." நான் இறங்கிப் போவேன். கிணற்றடிக் கல்லில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் பெரிதாகப் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். இருபது நிமிடம். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மாடி ஏறிவிடுவேன். அந்த ஊரில் எனக்காக யாராவது காத்திருந்தது என்றால் அந்த இருபது நிமிடம்தான். அவருக்கும் அப்படித்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

இருந்தாலும் வாரத்தில் மிச்சம் ஆறு நாள் இருக்கிறதே. எட்டு மணிக்கு இன்ஸ்டிட்யூட்டைப் பூட்டினால் மெஷின் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும், மனுஷ சத்தம் இருக்காது. அந்த ஏக்கத்தில்தான் மாதா கோயில் நாடகக் குழுவில் போய்ச் சேர்ந்தேன்.

எங்கள் கோயில் திருவிழாவில் சப்பரம் சுற்றி வந்த மறுநாள் சாயந்திரம் ஒரு நாடகம் உண்டு. ஐம்பது வருஷமாக ஒரே நாடகம். கிணத்துக்காரி நாடகம் என்பார்கள். பழைய நோட்டில் யாரோ எழுதி வைத்தது, வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு ஊரில் பஞ்சம். ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. அதன் சொந்தக்காரி கல்யாணம் ஆகாத ஒரு பெண். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு வருகிறவர் போகிறவரை எல்லாம் வாயாலேயே விரட்டுவாள். நாட்டாமை வருவான், வைத்தியர் வருவார், எல்லோரும் மூக்கறுபட்டுப் போவார்கள். கடைசியில் வெளியூர்க்காரன் ஒருத்தன் அதிகாரி வேஷத்தில் வந்து, தந்திரம் செய்து அவளைக் கல்யாணம் கட்டுவான். முடிவுக் காட்சியில் அவள் மண்டியிட்டுச் சாவியை அவன் கையில் கொடுப்பாள். அவன் கிணற்றைத் திறந்துவிடுவான். மேளம் கொட்டும், ஜனம் கைதட்டும்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. கிணத்துக்காரி வேஷத்தை ஆண்தான் கட்டுவான். அவன் ஒவ்வொரு வருஷமும் ஏரியாவில் இருக்கிற யாராவது ஒரு பெண்ணின் நடை, பேச்சைப் பிடித்துச் செய்து காட்ட வேண்டும். ஆள் பிடிப்பது என்று அதற்குப் பெயர். கூட்டம் அது யார் என்று கண்டுபிடித்துக் கத்தும். மறுநாள் காலை குழுவினர் தாம்பாளத்தில் பழம், வெற்றிலை, ரவிக்கைத் துணி வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவார்கள். பிடிபட்டவர் அந்த வருஷம் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு. முன்கூட்டியே அந்த வீட்டு ஆம்பளையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த வருஷம் வழக்கமாக வேஷம் கட்டுகிறவர் வெளிநாடு போய்விட்டார். என் குரல் மெலிந்த குரல், உடம்பும் ஒல்லி. நாடக வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இவன் போதும் என்றார். அவர் தச்சு வேலை செய்பவர், யாரைப் பார்த்தாலும் கட்டை பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார். யாரைப் பிடிக்கலாம் என்று பேச்சு வந்தபோது ஒருவர் என் வீட்டுக்காரம்மாவைச் சொன்னார். எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நாடகத்திலும் கிணறு, அங்கேயும் கிணறு. இவ்வளவு வருஷமாக எப்படித் தோன்றாமல் போனது என்று பேசிக்கொண்டார்கள்.

"அங்க யாருகிட்டப் போயி கேக்குறது? ஆம்பளைன்னு ஒருத்தரும் இல்லையே" என்றார் வாத்தியார்.

"மாடியில நான் இருக்கேன்ல. என்கிட்டக் கேட்டுக்குங்க" என்றேன் நான்.

அப்படி ஒரு சிரிப்பு. ஒருவர் என் முதுகில் தட்டினார். இன்னொருவர் டீ வாங்கிக் கொடுத்தார். நான் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பத்துப் பேர் சேர்ந்து சிரித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்தச் சுகத்தில் நான் என்ன சொன்னேன் என்பதைத் திரும்ப யோசிக்கவே இல்லை.

மூன்று வாரம் ஒத்திகை. காலையில் மாடியில் நின்று அக்காவைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கதவைத் திறந்ததும் புறங்கையால் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளுவார். பேசுவதற்கு முன் தொண்டையை இரண்டு தரம் செருமுவார். பிறகு சொல்வார்: "ரெண்டு குடம். மூணாவதுக்கு நாளைக்கு வாங்க." தினமும் இதே வரிசை, இதே வார்த்தை. அந்தச் செருமல்தான் எனக்குப் பிரமாதமாகப் பிடிபட்டது. அதிகாரம் பண்ணுவதற்கு முன்னால் குரலைத் தீட்டிக்கொள்கிறார் என்று நானே ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டேன். அந்த அர்த்தத்தோடுதான் செய்தேன்.

நாடகத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கும்போது, நான் நடிக்கப் போவதை அவரிடம் சொன்னேன். என்ன வேஷம் என்று கேட்டார். சும்மா ஒரு பொம்பளை வேஷம் என்றேன். புடவைக்கு என்ன செய்வீர்கள் என்றார். நான் தலையைச் சொறிந்தேன். அவர் உள்ளே போய், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புடவையை எடுத்து வந்து இஸ்திரி போட்டுக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் பூசைக்கு மட்டும் கட்டுகிற புடவை. "எம் புடவையாவது மேடை ஏறட்டும்" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில் காபி இருந்தது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

நாடகத்தன்று பங்குச் சாமியார் ஒன்பது மணிக்குள் முடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால் பொழுது சாயவும் ஆரம்பித்துவிட்டார்கள். பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசைப் பாயில் அக்கா உட்கார்ந்திருந்தார். தலையில் பூ வைத்திருந்தார். நான் அந்தப் புடவையில், இடுப்பில் சாவியோடு, மேடைக்கு வந்தேன். புறங்கையால் கண்ணாடியைத் தள்ளினேன். இரண்டு தரம் செருமினேன். அவ்வளவுதான், வசனமே வேண்டியிருக்கவில்லை. கூட்டம் எழுந்துவிட்டது. "போஸ்டாபீஸ் அக்கா, போஸ்டாபீஸ் அக்கா" என்று பின்னால் இருந்து கத்தினார்கள். ரெண்டு குடம் என்று நான் சொல்ல, மூணாவதுக்கு நாளைக்கு வாங்க என்று கூட்டமே சேர்ந்து சொன்னது.

நான் அவரைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். எல்லோரும் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுபோயிருந்தது. எழுந்து போகவும் இல்லை. எழுந்தால் அது இன்னொரு காட்சியாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். நான் மண்டியிட்டுச் சாவியைக் கொடுக்கிற வரை உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு விழுந்த கைதட்டல் அந்த நாடகத்துக்கு அதுவரை விழுந்ததில்லை என்று வாத்தியார் சொன்னார். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அக்கா வழக்கம்போல் கதவைத் திறந்தார். கண்ணாடியைத் தள்ளினார், செருமினார். வரிசை கொல்லென்று சிரித்தது. அவர் வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். இரண்டு விரலை மட்டும் காட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் மாடியில் சுவரோரம் மறைந்து நின்று பார்த்தேன்.

பத்து மணிக்குக் குழுவினர் தாம்பாளத்தோடு வந்தார்கள். சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு, வெற்றிலை, ஒரு ரவிக்கைத் துணி. வேஷம் கட்டினவன்தான் தட்டைக் கொடுக்க வேண்டும். மடித்த புடவையை அதன் மேல் வைத்து நீட்டினேன். அக்கா அன்று ஆபீசுக்கு லீவு போட்டிருந்தார். தட்டை மரியாதையாகவே வாங்கிக்கொண்டார். எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அம்புட்டும் சரியாத்தான் செஞ்சீங்க தம்பி. ஒண்ணுதான் தப்பு. சாவிய நான் குடுத்திருக்க மாட்டேன்."

வாத்தியார் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று. முதலில் யாராவது பின்னால் இருந்து செருமுவார்கள், வரிசை சிரிக்கும். பிறகு மூன்றாவது குடத்தை மறைத்துக் கொண்டுவந்தார்கள். பிறகு மறைக்காமலே கொண்டுவந்தார்கள். வெள்ளிக்கிழமை ஒருத்தர் நாலாவது குடத்தை வைத்தார். அக்கா ஸ்டூலில் இருந்து எழுந்து கயிற்றைப் பிடித்தார். குடம் வைத்தவர் கயிற்றை விடவில்லை. "நாடகந்தான் முடிஞ்சுபோச்சேக்கா. சாவியத்தான் குடுத்துட்டீகள்ல" என்றார். அக்காவின் கை தானாக விலகியது. அன்றைக்கு வாளியில் சேறு வந்தது. வரிசையில் கடைசியாக நின்ற மூன்று வீட்டுக்குத் தண்ணீர் இல்லை.

மறுநாள் விடிகாலையில் என் அறைக் கதவு தட்டப்பட்டது. அக்கா மாடி ஏறி வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே வரவில்லை. சாவியை நீட்டினார். "நீங்களே திறந்து விடுங்க" என்றார். குரல் உடைந்து வந்தது. அந்த வாரத்தில் அவர் செருமுவதையே விட்டுவிட்டிருந்தார், அதனால் முதல் வார்த்தை அப்படித்தான் கரகரத்து, பாதி காற்றாக வரும். நான் கையை நீட்டாமல் நின்றேன். "குடுக்க மாட்டேன்னு சொன்னேன். குடுத்துட்டேன் பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

நான்கு நாள் அந்தக் கிணற்றுக்கு நான் காவல் இருந்தேன். அந்த நான்கு நாளை மறக்க முடியாது. முதல் நாள் எல்லோரும் என்னை மாஸ்டர் மாஸ்டர் என்று கொண்டாடினார்கள். ஒரு குடம் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன் மாஸ்டர், விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். அதுவரைக்கும் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. சரி என்றேன். அடுத்தவர் கேட்டார், அவருக்கும் சரி என்றேன். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? எனக்கு எல்லோரும் வேண்டும். பத்தாவது வீடு வருவதற்குள் பாதிக் கிணறு போயிருந்தது. இரண்டாவது நாள், நேற்று எந்த முனையில் இருந்து ஆரம்பித்தோம் என்பதிலேயே சண்டை. மூன்றாவது நாள் நான் ரெண்டு குடம் என்று கத்திப் பார்த்தேன். நாடகத்தில் கேட்ட அதே குரல் என்று கைதட்டினார்கள். அக்கா வீட்டுக்குள்தான் இருந்தார், பின்கதவு சாத்தியிருந்தது.

ஐம்பது வருஷமாக அந்த நாடகத்தை ஆடியிருக்கிறார்கள், பார்த்திருக்கிறார்கள். கிணத்துக்காரி திமிர்க்காரியா, வாயாடியா, ஆம்பளை இல்லாத குறையா என்று எவ்வளவோ பேசியிருப்பார்கள். அந்தக் கிணற்றில் எத்தனை குடம் தண்ணீர் இருந்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நாடகத்தில் திரை விழுந்துவிடும், மறுநாள் காலை வராது. எனக்கு வந்தது.

நான்காவது நாள் கடைசி வீட்டில் இருந்து வரிசை ஆரம்பிக்க வேண்டிய நாள். கடைசி வீட்டில் ஒரு முஸ்லிம் பெண், புருஷன் தோல் ஷாப்பில் வேலை. அவளுக்கு எட்டு மாதம். முதல் ஆளாக நிற்க வேண்டியவளை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், என்னையும் சேர்த்துத்தான் தள்ளினார்கள். அவள் முறை வந்தபோது வாளி தரையில் தட்டியது. அவள் காலிக் குடத்தைக் கவிழ்த்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டவில்லை. "அண்ணே, அக்கா இருந்தா இப்புடி ஆவுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று நான் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகவில்லை. அறையில் உட்கார்ந்து யோசித்தேன். தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது எனக்குச் சுலபம். ஆனால் நான் அவரைத் தனியாகவா கேலி செய்தேன்?

மறுநாள் காலை வரிசை கூடும்வரை கதவைத் திறக்காமல் நின்றேன். நாற்பது வீட்டுக் குடமும் வந்த பிறகு அக்காவின் பின்கதவைத் தட்டினேன். ஆபீசுக்குக் கிளம்பத் தலை பின்னிக்கொண்டிருந்தவர் சீப்போடு வெளியே வந்தார்.

"அக்கா, எனக்கு இது முடியல. நாடகத்துல உங்களப் பிடிச்சது தப்பு. உங்களக் கேக்காமலே, நானே சம்மதம் குடுத்துட்டேன். எல்லாருக்கும் முன்னால கேக்குறேன், மன்னிச்சுருங்க" என்று சாவியை நீட்டினேன். குரல் நடுங்கி அழுகை மாதிரி வந்தது. பின்னால் யாரோ ஒருத்தர் சிரிக்க ஆரம்பித்து, யாரும் சேர்ந்துகொள்ளாததால் நிறுத்திவிட்டார்.

அக்கா சாவியை உடனே வாங்கவில்லை. என்னைத் தாண்டிப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து என் கையில் இருந்து சாவியை எடுத்தார். வரிசையைப் பார்த்துச் சொன்னார்: "இன்னைக்கு யாருக்கும் தண்ணி இல்ல. ஊறட்டும்."

கதவைப் பூட்டிவிட்டார். முணுமுணுத்தார்கள், ஒன்றிரண்டு பேர் சத்தமாகவே பேசினார்கள். ஆனால் கலைந்து போனார்கள். கடைசி வீட்டுப் பெண்ணை மட்டும் இரும்மா என்று நிறுத்தி, தன் சமையலறையில் இருந்து ஒரு குடத்தை எடுத்து வந்து கொடுத்தார். மறுநாள் ஆறு மணிக்குக் கதவு திறந்தது. வீட்டுக்கு இரண்டு குடம். மூன்றாவது குடத்தை யாரும் கொண்டுவரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலரை ஆனது. கீழே காபி ஆற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு டம்ளர் சத்தம்தான். ஐந்து மணிக்கு அதைக் கழுவிக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. என்னைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை, பார்த்தால் சாப்பிட்டீர்களா தம்பி என்பார், காய்ச்சல் என்றால் படியில் தூக்குப்போணி இருக்கும். காபி மட்டும் இல்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே வெளியே கிளம்பிப் போய்விடப் பழகினேன். மலைக்கோட்டை அடிவாரத்தில் நடப்பேன், ஏழு மணிக்குத் திரும்புவேன்.

அடுத்த வருஷம் வேஷத்துக்குக் கூப்பிட்டார்கள், மாட்டேன் என்றேன். மூன்று வருஷத்தில் கம்ப்யூட்டர் சென்டர்கள் வந்து இன்ஸ்டிட்யூட்டை மூடினார்கள். ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் மண்டியில் வேலை கிடைத்துப் போனேன். கிளம்புகிற அன்று மாடிச் சாவியைக் கொடுத்தபோது நல்லா இருங்க தம்பி என்றார். அவ்வளவுதான்.

எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அதற்குக் காரணம் எல்லாம் சொன்னால் வேறு கட்டுரை ஆகிவிடும். ஒட்டன்சத்திரத்தில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் கழிந்திருக்கும். மண்டிக்குத் தொடர்ந்து மூன்று நாள் லீவு. நாலாவது நாள் காலை பால்காரர் வந்தார். அரை லிட்டர் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது.

"ஏனுங்க, தொண்டை கட்டிக்கிச்சுங்களா?" என்றார் அவர்.

தொண்டை கட்டவில்லை. மூன்று நாளாக நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, அவ்வளவுதான். தொண்டையை ஒரு தரம் செருமினேன். போதவில்லை. இன்னொரு தரம் செருமினேன். அரை லிட்டர் என்றேன். அப்படியே பால் பாத்திரத்தோடு வாசலில் நின்றுவிட்டேன். பால்காரர் போய்விட்டார், நான் உள்ளே போகவில்லை.

அடுத்த வாரமே திண்டுக்கல் போனேன். விடிகாலைப் பஸ்ஸில் போய் ஆறரைக்கு அந்தத் தெருவுக்குள் நுழைந்தேன். அக்கா வீட்டுக் கிணற்றுக் கதவு திறந்திருந்தது, வரிசை நின்றது. ஸ்டூலில் அக்கா இல்லை. கடைசி வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் பத்து வயசுப் பெண் பிள்ளை பள்ளிக்கூடப் பையோடு நின்றது. அக்கா இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றாள். படுத்த படுக்கையாக இருந்தபோது சாவியை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அதைச் சொல்லிவிட்டு வரிசைப் பக்கம் திரும்பினாள். "ரெண்டு குடம். மூணாவதுக்கு நாளைக்கு வாங்க." அதே ஏற்ற இறக்கம், அதே நிறுத்தம். அவளும் அக்காவைத்தான் பிடித்திருந்தாள். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

நான் சொல்ல வந்ததைச் சொல்வதற்கு ஆள் இல்லாமல் திரும்பி வந்தேன். இப்போதும் தினமும் காலையில் முதல் வார்த்தைக்கு முன் இரண்டு தரம் செருமுகிறேன். ராத்திரி முழுக்கப் பேச ஆளில்லாத ஒரு தொண்டையை மேடையில் செய்துகாட்டித்தான் அன்றைக்கு அவ்வளவு கைதட்டல் வாங்கினேன் என்பது, செருமும் ஒவ்வொரு தரமும் எனக்கு ஞாபகம் வருகிறது.